காற்றைத் தின்று நடக்கும் சிற்பங்கள்

கடற்கரை மணலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போயிருக்கிறீர்களா? தார்ச் சாலையில் ஒரு கையால் தள்ளினால் ஓடுகிற சைக்கிள், மணலில் இறங்கியதும் அடம்பிடிக்கும். சக்கரம் மணலில் புதைகிறது. புதைந்த சக்கரம் தனக்கு முன்னால் தானே ஒரு சிறு மேட்டைக் குவித்துக்கொள்கிறது. அந்த மேட்டின்மேல் ஏற முயல்கிறது. ஏறி முடிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்குகிறது. அதே மணலில் ஒரு நாய் துள்ளி ஓடுகிறது. நண்டோ கண்மூடித் திறப்பதற்குள் வளைக்குள் போய்விடுகிறது. அவற்றுக்குச் சக்கரம் இல்லை, கால்கள் உண்டு. கால் மணலை உழுதுகொண்டு போவதில்லை. ஓரிடத்தில் ஊன்றுகிறது, எடுக்கிறது, அடுத்த இடத்தில் ஊன்றுகிறது. இடையில் உள்ள மணலோடு அதற்கு வழக்கே இல்லை.

இந்தச் சிறு உண்மையைப் பிடித்துக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஒரு சிற்பியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சிற்பி என்றதும் உளியும் கல்லும் உங்கள் நினைவுக்கு வரலாம். இவர் கையில் அவை இல்லை. வீடு கட்டும்போது மின்கம்பி இழுப்பதற்காகச் சுவருக்குள் பதிப்பார்களே, அந்த பி.வி.சி. குழாய்தான் இவருடைய கல். அவருடைய சிற்பங்களுக்கு மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது, மண்ணெண்ணெயும் பெட்ரோலும் கிடையாது. காற்று அடித்தால் எழுந்து நடக்கும். நெதர்லாந்து நாட்டுக் கடற்கரையில், பன்னிரண்டு யானைகளின் எலும்புக்கூடுகளை ஒன்றாகக் கோத்துவிட்டாற்போன்ற ஓர் உருவம் டஜன் கணக்கான கால்களை எடுத்து வைத்து, முதுகில் துணிச் சிறகுகள் படபடக்க ஊர்ந்து வருவதைப் பார்த்தவர்கள், முதலில் ஓரடி பின்வாங்கிவிட்டுத்தான் பிறகு கிட்டே போவார்களாம்.

சிற்பியின் பெயர் தியோ யான்சன்.

பட்டம் வாங்காத இயற்பியல் மாணவர்

யான்சன் 1948 மார்ச் 14 அன்று ஸ்கேவனிங்கன் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தார். படித்தார் என்று சொல்வதை விட, படிக்கச் சேர்ந்தார் என்று சொல்வது பொருந்தும். 1974-ல் பட்டம் வாங்காமலே வெளியேறினார். கல்லூரி ஆசிரியனான நான் இதை அச்சில் எழுதுவது உங்கள் பெற்றோருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் அவர் விட்டது பட்டத்தைத்தான். இயற்பியலை விடவில்லை என்பதைக் கட்டுரையின் மீதிப் பகுதியில் நீங்களே காண்பீர்கள்.

சிறிது காலம் ஓவியம் தீட்டினார். அதிலும் கை சும்மா இருக்கவில்லை. 1980-ல் நான்கு மீட்டர் அகலமுள்ள கறுப்புத் தட்டு ஒன்றைச் செய்து, அதில் ஹீலியம் நிரப்பி, மூட்டமான ஒரு நாளில் டெல்ஃப்ட் நகரின் மேல் பறக்கவிட்டார். ஊரே கூடிவிட்டது. வேற்றுக் கிரகத்தவர் வந்துவிட்டதாகப் பேச்சு. 30 மீட்டர் இருக்கும் என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு. அவர்களைப் பொய்யர்கள் என்று தள்ளிவிடக் கூடாது. வானத்தில் ஒரு பொருள் நம் கண்ணில் ஏற்படுத்தும் கோணத்தை மட்டும்தான் நாம் உணர்கிறோம். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாதபோது, எவ்வளவு பெரியது என்று சொல்ல வழியே இல்லை. அருகில் உள்ள சிறிய தட்டும் தொலைவில் உள்ள பெரிய தட்டும் கண்ணுக்கு ஒன்றுதான். யான்சன் இதை அறிந்தே செய்திருப்பார் என்பது என் ஊகம்.

அதற்குப் பின் சில ஆண்டுகள் கழித்து, வெளிச்சத்தை உணர்ந்து, இருட்டாக உள்ள இடத்தில் மட்டும் சுவரில் வண்ணம் தெளிக்கும் ஓர் எந்திரத்தையும் செய்தார். அதற்கு முன்னால் ஒரு மனிதரை நிறுத்தினால், அவர் உருவம் சுவரில் நிழல்போல் வந்துவிடும். இவையெல்லாம் முன்னோட்டம். அவர் வாழ்க்கையைத் திருப்பியது கடல்.

கடலுக்கு அஞ்சும் நாடு

நெதர்லாந்தின் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கரைகளும் மணற்குன்றுகளும்தான் அந்த நாட்டின் மதிற்சுவர். 1953 ஜனவரி 31 இரவு வீசிய புயலில், வட கடல் பொங்கி அந்த மதிலை உடைத்தது. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் மாண்டார்கள். யான்சனுக்கு அப்போது ஐந்து வயது நிரம்பவில்லை. அந்த நாட்டில் அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் எல்லோரும் அந்த இரவின் கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள்.

1990-ல் அவர் ஒரு நாளிதழில் தொடர்ந்து பத்தி எழுதிவந்தார். கடல் மட்டம் உயரப்போகிறது என்ற செய்தி அப்போது பேசப்படத் தொடங்கியிருந்தது. அதைப் பற்றி எழுதும்போது, கற்பனையாக ஒரு யோசனையைச் சொன்னார். கடற்கரையில் காற்றால் நடக்கும் எலும்புக்கூட்டு விலங்குகளை உலவவிட்டால் என்ன? அவை நாள் முழுதும் நடந்து மணலைக் கிளறித் தூவும், காற்று அந்த மணலை அள்ளிக்கொண்டு போய்க் குன்றுகளின்மேல் சேர்க்கும், குன்றுகள் உயரும், நாடு பிழைக்கும்.

பத்தி வெளிவந்தது, வாசகர்கள் படித்தார்கள், அவ்வளவுதான். சில மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் கடையில் மின்குழாய்க் கட்டு ஒன்றைப் பார்த்தவர், அதை வாங்கிவந்து வளைத்தும் கோத்தும் விளையாடத் தொடங்கினார். ஓராண்டு இதற்குக் கொடுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தார். அந்த ஓராண்டுதான் முப்பது ஆண்டுகளைத் தாண்டி ஓடிற்று.

தம் சிற்பங்களுக்கு டச்சு மொழியில் ‘ஸ்ட்ராண்ட்பேஸ்ட்’, அதாவது கடற்கரை விலங்கு, என்று பெயர் வைத்தார். உயிரியலார் செய்வதுபோல ஒவ்வொன்றுக்கும் லத்தீன் பெயரும் சூட்டினார். எல்லாவற்றுக்கும் குலப்பெயர் ‘அனிமாரிஸ்’. விலங்கு என்ற சொல்லையும் கடல் என்ற சொல்லையும் ஒட்டவைத்தது. முதல் விலங்கான ‘அனிமாரிஸ் வல்காரிஸ்’ ஒட்டும் நாடாவால் இணைக்கப்பட்டது. அது நிற்கவில்லை. மல்லாந்து படுத்துக் காலை ஆட்டத்தான் அதனால் முடிந்தது. தொட்டிலில் கிடக்கும் குழந்தைபோல! அடுத்ததில் நாடாவை விட்டு, கம்பிகளைக் கட்டும் நைலான் பட்டைகளால் மூட்டுகளைக் கட்டினார். 1991-ல் ‘அனிமாரிஸ் குரென்ஸ் வல்காரிஸ்’ எழுந்து நடந்தது.

ஒரு காலின் கதை

இனி நம் பாடத்துக்கு வருவோம். நடப்பதில் அப்படி என்ன கடினம்?

மூன்று குச்சிகளை முனையோடு முனை ஆணியடித்து முக்கோணமாக்குங்கள். அசைத்துப் பாருங்கள், அசையாது. நான்கு குச்சிகளைச் சதுரமாக்கி அசைத்துப் பாருங்கள், சாய்சதுரமாக நசுங்கும். முக்கோணம் விறைப்பானது, நாற்கரம் நெகிழக்கூடியது. பாலங்களிலும் மின்கோபுரங்களிலும் முக்கோணங்களாகவே இருப்பதன் காரணம் இதுதான். யான்சனின் கால் இரண்டையும் கலந்தது. மேலே ஒரு முக்கோணம், கீழே ஒரு முக்கோணம். இரண்டும் விறைப்பான எலும்புகள். அவற்றை இணைப்பது நெகிழும் நாற்கரம். இந்த அமைப்பை ஆட்டிவைப்பது ஒரு கிராங்க். சைக்கிளில் பெடலைத் தாங்கும் தண்டைக் கடைக்காரர் கிராங்க் என்பார் அல்லவா, அதே வேலை. நடுவில் உள்ள தண்டு சுற்றும். அதிலிருந்து கிளம்பும் இரு நீண்ட குழாய்கள் காலை இழுத்தும் தள்ளியும் அசைக்கும்.

கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றும்போது, பாதம் காற்றில் ஒரு மூடிய வளைகோட்டை வரைகிறது. அந்தக் கோட்டின் வடிவம் எப்படி இருக்க வேண்டும்? இங்கேதான் சிக்கல். பாதம் வட்டமாகச் சுற்றினால், விலங்கின் உடல் ஒவ்வோர் அடிக்கும் மேலேறிக் கீழிறங்கும். மேலேறுவதற்கு ஆற்றல் வேண்டும். கீழே இறங்கும்போது அந்த ஆற்றல் திரும்பக் கைக்கு வராது. தரையில் மோதி வீணாகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். யான்சன் 2004-ல் செய்த ‘காண்டாமிருகம்’ என்ற சிற்பத்தின் எடை 3.2 டன், உயரம் 4.70 மீட்டர். இதற்கு மட்டும் எலும்பு இரும்பால் ஆனது. அது ஓர் அடிக்கு வெறும் 5 சென்டிமீட்டர் மேலெழும்புவதாக வைத்துக்கொள்வோம். வேலை = நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம். 3200 × 9.8 × 0.05 = 1568 ஜூல். திடகாத்திரமான ஒருவர் தொடர்ந்து உழைத்தால் நொடிக்கு ஏறத்தாழ 75 ஜூல் தரலாம். அப்படியானால் ஓர் அடி நகர்த்தவே அவர் 20 நொடிக்கு மேல் முக்க வேண்டும். ஆனால் உண்மையில் நடப்பது என்ன? அந்தக் காண்டாமிருகத்தை ஒரே ஆள் தள்ளிக்கொண்டு போகிறார். ஊர் கூடி வடம் பிடிக்காமலே ஒற்றை ஆள் தேர் இழுக்கும் கதைதான். காரணம், அதன் உடல் ஏறி இறங்குவதில்லை. பாதம் தரையில் இருக்கும் நேரம் முழுவதும் வளைகோட்டின் அடிப்பகுதி ஏறக்குறைய நேர்க்கோடாக இருக்கிறது. தரையின் முடிவில் பாதம் மேலெழுந்து, வளைந்து முன்னே வந்து, மீண்டும் ஊன்றுகிறது. ஒரு கால் தூக்கியிருக்கும்போது வேறு கால்கள் தரையில் இருக்குமாறு கிராங்குகள் ஒன்றுக்கொன்று 120 பாகை தள்ளி வைக்கப்பட்டிருக்கின்றன. சக்கரத்தின் அச்சு எப்படி ஒரே உயரத்தில் போகுமோ, அப்படியே இந்த உடலும் போகிறது. ஆகவே இதை மணலுக்காகச் செய்த சக்கரம் என்றும் சொல்லலாம். தரையைத் தொடும் இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி வளையத்தை எறிந்துவிட்ட சக்கரம்.

அடிப்பகுதி நேராக வரவேண்டும் என்று சொல்லிவிடலாம். எந்தக் குழாயை எவ்வளவு நீளத்துக்கு வெட்டினால் அப்படி வரும்? ஒரு காலில் கிராங்கையும் சேர்த்து 11 தண்டுகள். ஒவ்வொன்றுக்கும் பத்தே பத்து நீளங்களை மட்டும் சோதிப்பதானாலும், பத்தைப் பதினொரு முறை பெருக்க வேண்டும். பத்தாயிரம் கோடி விதமான கால்கள் கிடைக்கும்! நொடிக்கு ஒன்றாகச் சோதித்தாலும் 3,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

யான்சன் இயற்கையைத் துணைக்கு அழைத்தது இந்த இடத்தில்தான். எந்த விலங்கின் காலையும் அவர் பார்த்து வரையவில்லை. குதிரைக்கும் நண்டுக்கும் இப்படிப்பட்ட கால் இல்லை. குதிரையும் நண்டும் எந்த முறையில் தம் கால்களைப் பெற்றனவோ, அந்த முறையைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். தம் அட்டாரி கம்ப்யூட்டரில், கண்டபடி நீளங்களைக் கொண்ட 1,500 கால்களை உண்டாக்கினார். ஒவ்வொன்றும் என்ன வளைகோடு வரைகிறது என்று கம்ப்யூட்டர் பார்த்தது. தாம் விரும்பிய வடிவத்துக்கு நெருங்கிவந்த 100 கால்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற 1,400-ஐயும் அழித்தார். தப்பிய நூறின் தண்டு நீளங்களைக் கலந்து மாற்றிப் புதிதாக 1,500 கால்கள். அவற்றில் மீண்டும் நூறு. மீண்டும் 1,500. தாயின் மூக்கும் தந்தையின் காதுமாகப் பிள்ளை பிறப்பதுபோல, ஒரு நல்ல காலின் தொடை நீளமும் இன்னொரு நல்ல காலின் கெண்டை நீளமும் சேர்ந்து சில சமயம் இரண்டையும் விடச் சிறந்த கால் பிறந்தது. இரவும் பகலுமாக, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கம்ப்யூட்டர் ஓடிற்று. தலைமுறைகள் கடந்து, முடிவில் நின்றவை பதின்மூன்று எண்கள். தண்டுகளுக்குப் பதினொன்று, கிராங்கின் மையம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு. இவற்றை அவர் ‘புனித எண்கள்’ என்று அழைக்கிறார். கட்டுரையின் கடைசியில் தருகிறேன்.

காற்றடைத்த வயிறு

நடக்கக் கற்றதும் அடுத்த தொல்லை வந்தது. கடற்கரையில் காற்று எப்போதும் வீசுவதில்லை. வடகடலில் ஓதம் ஏறும் நேரத்தில் காற்று நின்றுவிட்டால், விலங்கு நின்ற இடத்திலேயே மூழ்கிவிடும். எனவே காற்றைச் சேமிக்க ஒரு வயிறு தேவைப்பட்டது.

இதற்கு அவர் கண்ட வழி மிக எளியது. குளிர்பானம் வரும் பிளாஸ்டிக் பாட்டில்கள்! முதுகில் உள்ள சிறகுகள் காற்றில் அசையும்போது, அவற்றோடு இணைந்த சிறு பம்புகள் இயங்கும். சைக்கிள் பம்பு போன்றவைதான். அவை பாட்டில்களுக்குள் காற்றை அழுத்தி நிரப்புகின்றன. சோடா பாட்டில் அழுத்தத்தைத் தாங்கும்படியே செய்யப்படுவதால் வெடிப்பதில்லை. காற்று நின்றபின், அழுத்தப்பட்ட காற்று சிறு குழாய்கள் வழியே ‘தசை’களுக்குப் போகிறது. தசை என்பது ஒரு குழாய்க்குள் வழுக்கும் இன்னொரு குழாய். காற்று புகுந்தால் நீளும். நம் தசை சுருங்கி இழுக்கிறது, இது நீண்டு தள்ளுகிறது என்பது ஒன்றே வேற்றுமை. நெடுநேரம் சேர்த்த காற்றில் சில நிமிடங்கள்தான் நடக்க முடியும். ஓதத்திலிருந்து தப்ப அது போதும்.

ஆனால் ஓதம் வருவது விலங்குக்கு எப்படித் தெரியும்? தரையை ஒட்டி ஒரு குழாய் தொங்குகிறது. அது ஓயாமல் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தண்ணீருக்குள் போனால் காற்றுக்குப் பதில் நீரை உறிஞ்சும். நீரை உறிஞ்சுவது கடினம் என்பது சர்பத்தை உறிஞ்சுகுழாயில் குடித்த எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடினத்தை உணர்ந்ததும் ஒரு வால்வு மாறுகிறது. விலங்கு திரும்பி நடக்கிறது.

இந்த வால்வுகளைத்தான் அவர் நரம்பணுக்கள் என்கிறார். உள்ளே காற்று வந்தால் வெளியே விடாது. உள்ளே வராவிட்டால் வெளியே விடும். ஆம் என்றால் இல்லை, இல்லை என்றால் ஆம். மின்னணுவியல் படித்த உங்கள் அண்ணனோ அக்காவோ இருந்தால் கேளுங்கள். கம்ப்யூட்டருக்குள் இதே வேலையைச் செய்யும் சுற்று உண்டு என்பார்கள். அங்கே மின்சாரம், இங்கே காற்று. இத்தகைய சில வால்வுகளைக் கோத்து, எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணும் கருவியையும் அவர் உருவாக்கினார். ஒன்று, பூச்சியம் என்ற இரண்டே இலக்கங்களில் எண்ணும் முறை அது. கடலிலிருந்து இத்தனை அடி வந்துவிட்டோம், இனித் திரும்பலாம் என்று விலங்கு ‘அறிகிறது’. புயல் வந்தால் சுத்தியல்போன்ற ஓர் உறுப்பால் முளையை மணலில் அறைந்து தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் விலங்குகளும் உண்டு. மாட்டைக் கட்டும் முளையை மாடே அடித்துக்கொள்வதாகக் கற்பனை செய்யுங்கள்!

வசந்தத்தில் யான்சன் புதிய விலங்கைக் கடற்கரைக்குக் கொண்டுபோவார். கோடை முழுதும் சோதனை. மணல் மூட்டில் புகுந்து அரைக்கும், காற்று கவிழ்க்கும், ஈர மணலும் உலர்ந்த மணலும் வெவ்வேறு தொல்லை தரும். எது தவறு என்று கடற்கரையே காட்டிக்கொடுக்கும். இலையுதிர் காலம் வந்ததும், அந்த விலங்கு ‘அழிந்துபோன இனம்’ என்று அறிவிக்கப்பட்டு எலும்புக் கிடங்குக்குப் போய்விடும். அதில் தேறிய நல்ல யோசனைகள் மட்டும் அடுத்த ஆண்டின் விலங்குக்குள் பிறக்கும். கம்ப்யூட்டரில் மாதக்கணக்கில் நடந்ததே மணலில் ஆண்டுக்கணக்கில் நடந்தது.

கேட்க வேண்டிய கேள்விகள்

இவை உயிருள்ளவையா? யான்சன் தம் விலங்குகளைப் பற்றிப் பேசும்போது, தாம் இல்லாத காலத்திலும் அவை கடற்கரையில் கூட்டமாகப் பிழைத்திருக்க வேண்டும் என்ற ஆசையைச் சொல்வார். எனக்கு அந்த ஆசை பிடித்திருக்கிறது. ஆனால் அதை அப்படியே அறிவியலாக எடுத்துக்கொள்ளத் தயக்கம். உயிரினங்களில் எது பிழைக்கும் என்று யாரும் மேசைக்கு முன் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. இங்கே நல்ல கால் எது என்று சொன்னவர் யான்சன். அவை குட்டி போடுவதும் இல்லை. இதற்கு அவர் சொல்லும் பதில் வேடிக்கையானது. புனித எண்களை அவர் ஒளித்துவைக்கவில்லை, உலகுக்கே வெளியிட்டுவிட்டார். அவற்றைப் பார்த்து எத்தனையோ நாடுகளில் மாணவர்கள் அதே காலைச் செய்கிறார்கள். ஜப்பானில் 2011-ல் ஓர் அறிவியல் இதழோடு சிறு விலங்கு ஒன்றைப் பாகங்களாகவே கொடுத்தார்கள். இதுதான் இனப்பெருக்கம் என்கிறார் அவர். மாணவர்களின் மூளையும் கையும் அந்த விலங்குகளின் கருப்பையாம்!

இன்னொரு கேள்வி. அவை மணற்குன்றுகளை உயர்த்தினவா? இல்லை. நாட்டைக் காக்கும் அளவுக்கு மணலைத் தூவும் விலங்குக் கூட்டம் உருவாகவே இல்லை. 1953-க்குப் பின் அந்த நாட்டைக் காத்தவை பொறியாளர்கள் பல பத்தாண்டுகள் பாடுபட்டுக் கட்டிய அணைகளும் தடுப்புகளும்தான். ஆனால் 2011-ல் ஒன்று நடந்தது. ஹேக் நகருக்குத் தெற்கே, யான்சன் பிறந்த ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத கடற்கரையில், பொறியாளர்கள் 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் கொட்டினார்கள். கரை நெடுகப் பரப்பும் வேலையை அலைகளுக்கும் நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் விட்டுவிட்டார்கள். இதற்கு ‘மணல் எந்திரம்’ என்று பெயர். கடலோடு மல்லுக்கு நிற்காமல், காற்றையும் அலையையும் கூலியாட்களாக வைத்துக்கொள்வது என்ற எண்ணம் யான்சனின் 1990-ஆம் ஆண்டுப் பத்தியிலும் இருந்ததுதான். அவரைப் பார்த்துப் பொறியாளர்கள் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஒரே கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரே மாதிரி யோசனை தோன்றுவதில் வியப்பில்லை.

விண்வெளி ஆராய்ச்சியாளர்களும் அவரைத் தேடிவந்தார்கள். வெள்ளிக் கோளின் தரையில் வெப்பம் 460 பாகை செல்சியஸ். காற்றழுத்தம் பூமியில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு. அங்கே இறங்கிய கலங்களில் 1982-ல் சோவியத் நாட்டின் வெனெரா-13 தான் நெடுநேரம் தாக்குப்பிடித்தது. அதுவும் 127 நிமிடங்கள். மின்னணுக் கருவிகள் வெந்துபோகின்றன. அப்படியானால், மின்னணுவே இல்லாமல் காற்றாலும் பற்சக்கரங்களாலும் மட்டும் இயங்கும் ஊர்தியை அனுப்பலாமே என்று நாசாவில் ஒரு குழு 2016-ல் ஆராயத் தொடங்கியது. முதல் வரைபடங்களில் ஊர்திக்கு யான்சன் பாணிக் கால்கள் இருந்தன. அவரிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். கால்களை எடுத்துவிடுங்கள் என்பதே அவர் சொன்னதன் சாரம். சமமான மணலுக்காகப் பிறந்த கால் அது; பாறையும் பள்ளமுமான வெள்ளியின் தரையில் கவிழ்ந்துவிடும். குழுவினரும் கால்களை விட்டுவிட்டு, டாங்கிகளில் இருப்பதுபோன்ற சங்கிலிப் பட்டைகளுக்கு மாறினார்கள். தம் வாழ்நாள் உழைப்பை வேறொரு கோளுக்கு அனுப்பும் வாய்ப்பு வீடு தேடி வந்தபோது, அது அங்கே பொருந்தாது என்று சொன்னவரை நினைத்துப் பாருங்கள். பட்டம் வாங்காவிட்டாலும் அவர் இயற்பியலை விடவில்லை என்று முன்பு சொன்னது இதற்காகத்தான்.

நீங்களும் செய்யலாம்

இப்போது எண்கள். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, சொல்வதைப் புள்ளிகளாக வரைந்துகொள்ளுங்கள்.

புள்ளி 1 என்பது சட்டத்தில் நிலையாக உள்ள மூட்டு. அதற்கு வலப்புறம் 38 அலகு தள்ளி, 7.8 அலகு உயரத்தில் கிராங்கின் மையமான புள்ளி 2. கிராங்கின் முனை 3. இரண்டிலிருந்து மூன்றுக்கு 15. புள்ளி 4 ஒன்றுக்கு மேலே. புள்ளி 5 ஒன்றுக்கு இடப்புறம். 1, 4, 5 சேர்ந்தது மேல் முக்கோணம்: ஒன்றிலிருந்து நான்குக்கு 41.5, நான்கிலிருந்து ஐந்துக்கு 55.8, ஒன்றிலிருந்து ஐந்துக்கு 40.1. கிராங்க் முனை 3-ஐ நான்கோடு இணைக்கும் தண்டு 50. அதே முனையைக் கீழே உள்ள புள்ளி 6-ஓடு இணைக்கும் தண்டு 61.9. ஒன்றிலிருந்து ஆறுக்கு 39.3. ஆறுக்கு இடப்புறம் புள்ளி 7. ஐந்திலிருந்து ஏழுக்கு 39.4. இனிக் கீழ் முக்கோணம்: ஆறிலிருந்து ஏழுக்கு 36.7, ஏழிலிருந்து பாதமான 8-க்கு 65.7, ஆறிலிருந்து பாதத்துக்கு 49. பாதம் எல்லாவற்றுக்கும் கீழே. அலகு எதுவாகவும் இருக்கலாம், விகிதம்தான் முக்கியம். பாதியாக்கிச் சென்டிமீட்டரில் வெட்டினால் மேசைமேல் வைக்கும் அளவுக்கு வரும்.

எங்கள் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் சிலரோடு இதைச் செய்துபார்த்தேன். மூங்கில் பட்டைகள், சிறு போல்ட்டுகள், ஒரு மரப்பலகை, அவ்வளவே செலவு. பாதத்தில் பென்சிலைக் கட்டி, பின்னால் தாளை ஒட்டி, கிராங்கைச் சுற்றினோம். அடிக்கோடு நேராக வரவில்லை. புளியம்பழம்போல் வளைந்து வந்தது. எல்லாப் பட்டைகளையும் எடுத்து அளந்தோம். நீளங்கள் மில்லிமீட்டர் பிசகாமல் சரியாக இருந்தன. யான்சனின் எண்களே தவறோ என்று ஒரு மாணவர் கேட்டார். எனக்கும் கணநேரம் அந்தச் சந்தேகம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாள் குழம்பினோம். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த, அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத ஒரு மாணவிதான் கண்டுபிடித்தார். நாங்கள் பட்டையின் முழு நீளத்தைப் புனித எண்ணுக்கு வெட்டிவிட்டு, இரு முனையிலிருந்தும் ஒவ்வொரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளித் துளையிட்டிருந்தோம். எந்திரத்துக்குப் பட்டையின் நீளம் தெரியாது. துளைக்கும் துளைக்கும் உள்ள தூரம்தான் தெரியும். எல்லாத் தண்டுகளும் இரண்டு சென்டிமீட்டர் குறைந்துபோயிருந்தன. சிறிய தண்டுக்கும் அதே இரண்டு, பெரிய தண்டுக்கும் அதே இரண்டு. விகிதம் கெட்டுவிட்டது.

மூங்கிலை மறுபடியும் பிளந்து, மறுபடியும் துளையிட்டோம். கோடு வந்தது. அந்தத் தாள் ஆய்வகச் சுவரில் இருக்கிறது. பழைய புளியம்பழக் கோட்டையும் அதன் பக்கத்திலேயே ஒட்டச் சொன்னேன். நீங்கள் செய்யும்போது முதலில் துளைகளைக் குறித்துக்கொண்டு, பிறகு அதற்கு ஒரு விரல் அகலம் வெளியே வெட்டுங்கள். போல்ட்டை மிக இறுக்கவும் வேண்டாம், துளையைப் போல்ட்டை விடப் பெரிதாக்கவும் வேண்டாம்; ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் ஆடினால், எல்லாம் சேர்ந்து பாதத்தில் வந்து நிற்கும்.